ஒரு ட்ரைபாட், ஒரு மைக், ஓர் அபராத நோட்டீஸ்: அமெரிக்கப் பொது நிலங்களில் படமெடுக்கும் அனுமதி விதிகள் மாறிய விதம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் யார்க்டவுன் என்ற பழைய போர்க்களம் இருக்கிறது. 1781 அக்டோபரில் கார்ன்வாலிஸின் பிரிட்டிஷ் படை வாஷிங்டனிடம் சரணடைந்தது இங்கேதான். பத்தாண்டுகள் கழித்துத் திப்புவுடன் போரிட்டு, 1792-இல் சேலம், திண்டுக்கல் பகுதிகளைக் கம்பெனியின் கைக்குக் கொண்டுவந்தவரும் இதே கார்ன்வாலிஸ்தான் என்பதால் தமிழ் வாசகர்களுக்கும் இது தெரிந்த பெயர். அந்தப் போர்க்களம் இன்று தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் உள்ள ஒரு வரலாற்றுப் பூங்காவின் பகுதி. அதை ஒட்டிச் செல்லும் ஒரு சாலையைப் பற்றிப் பேய்க் கதைகளும், துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றிய பேச்சும் அவ்வட்டாரத்தில் நெடுநாளாக உண்டு. அதையே கருவாக வைத்துத் தனி ஆளாகப் படமெடுக்கும் பிரைஸ் என்பவர் குறைந்த செலவில் ஒரு படம் எடுத்தார். அதன் சில காட்சிகள் போர்க்கள நிலத்தில் படமாயின. படப்பிடிப்பின்போது அங்கே நான்கு பேருக்கு மேல் இருந்ததில்லை. அவர்கள் கொண்டுபோனது ஒரு கேமரா, அதற்கான ட்ரைபாட், ஒரு மைக், அவ்வளவுதான். எந்த வேலியையும் அவர்கள் தாண்டவில்லை. பொதுமக்கள் வழக்கமாக வந்துபோகும் இடத்தில்தான் எடுத்தார்கள்.

2018-இல் படம் திரையிடப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பூங்காத் துறை அதிகாரிகள் இருவர் அவருக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தனர். அனுமதி பெறாமல் வணிகப் படப்பிடிப்பு நடத்தினார் என்பது குற்றச்சாட்டு. நிரூபிக்கப்பட்டால் அபராதம் மட்டுமன்றி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுள்ள குற்றம் அது. பிரைஸ் எஞ்சியிருந்த திரையிடல்களைக் கைவிட்டார். அந்த ஒரு தாளில் தொடங்கிய வழக்கு இரண்டு நீதிமன்றங்களில் எதிரெதிரான தீர்ப்புகளைப் பெற்று, உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை சென்று திரும்பியது. பொது நிலத்தில் கேமராவுடன் நிற்பவரிடம் அரசு எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக வெளிக்கொணர்ந்த வழக்கு வேறில்லை என்பது என் கருத்து. ஆகவே அதை அடியிலிருந்து பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டின் சட்டம்

அமெரிக்காவில் உள்துறை என்றால் நம் ஊர்ப் பொருளில் காவலும் சட்டம் ஒழுங்கும் பார்க்கும் துறை அன்று. நிலம், நீர், வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றைக் கவனிக்கும் அமைச்சகம் அது. தேசிய வனங்களோ வேளாண் துறையின் கீழ் உள்ள வனச் சேவையைச் சேர்ந்தவை. இவ்விரு துறைகளின் நிலங்களுக்கும் பொதுவாக, வணிகப் படப்பிடிப்புக்கு அனுமதியும் கட்டணமும் கட்டாயம் என்று 2000 மே மாதம் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்பு தேசியப் பூங்காக்களில் படப்பிடிப்புக்காக இடக் கட்டணம் வாங்கப் பூங்காத் துறையின் பழைய விதியே இடங்கொடுக்கவில்லை. லாரி லாரியாகச் சாமான்களை இறக்கி, நாள் கணக்கில் ஒரு பள்ளத்தாக்கை வளைத்துப் போட்டுக்கொண்டு படமெடுக்கும் பெரிய நிறுவனமும் நிலத்துக்கென்று ஒரு டாலர் கூடத் தராமல் போகலாம் என்ற நிலை இருந்தது. மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படும் நிலத்தைக் கொண்டு லாபம் பார்ப்பவர் அதற்குரிய விலையைத் தரட்டும் என்று நாடாளுமன்றம் நினைத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கட்டணத்துக்கான அளவுகோல்களைச் சட்டமே சொன்னது: எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு சாதனங்கள், அவை எத்தகையவை. அதை வைத்துப் பூங்காத் துறை ஓர் அட்டவணை வகுத்தது. படப்பிடிப்புக் குழுவில் ஓரிருவர் மட்டும் இருந்து, கேமராவும் ட்ரைபாடும் தவிர வேறொன்றும் இல்லையென்றால் இடக் கட்டணம் இல்லை. பத்துப் பேர் வரை நாளொன்றுக்கு 150 டாலர், முப்பது பேர் வரை 250, அதற்கு மேல் 500, ஐம்பதைத் தாண்டினால் 750. அசையாப் படம் எடுப்பவர்களுக்குத் தேவைப்படும் இடங்களில் 50, 150, 250 என்று மூன்று படிகள். பார்வைக்குக் குறைந்த தொகைகள்தாம். ஆனால் இடக் கட்டணத்துக்கு மேலே துறையின் செலவை ஈடுசெய்யும் தொகை என்று இன்னொன்று உண்டு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலரின் நேரமும், படப்பிடிப்பைக் கண்காணிக்க அனுப்பப்படும் ரேஞ்சர் என்ற பூங்காக் காவலரின் நேரமும் அதில் அடங்கும். பல இடங்களில் காப்பீட்டுச் சான்றும் கேட்பார்கள். இடக் கட்டணமே இல்லாத இருவர் குழுவும் விண்ணப்பம் போட்டு, பதிலுக்குக் காத்திருந்து, இந்தச் செலவுகளையும் ஏற்றாக வேண்டியிருந்தது. மேகம் எப்போது விலகும், பனி எப்போது விழும் என்று பார்த்துக் கிளம்புகிற ஒருவருக்குப் பணத்தைவிடக் காத்திருப்புதான் பெரிய தடை. மூன்று வாரம் கழித்துக் கிடைக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு நேற்றைய வெளிச்சத்தைப் பிடிக்க முடியாது.

அசையாப் படங்களை அந்தச் சட்டம் பெருமளவு விட்டுவைத்தது. பொதுமக்கள் போகக்கூடிய இடத்தில் ஒளிப்படம் எடுக்க அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்; அந்தப் படம் பின்னால் விலைக்குப் போனாலும் சரி. மாடல்களையோ அந்த இடத்தைச் சேராத செட் பொருட்களையோ கொண்டுவந்தால், பொதுமக்களுக்கு மூடப்பட்ட இடத்தில் எடுத்தால், துறைக்குக் கூடுதல் செலவு வைத்தால் மட்டும் அனுமதி பெற வேண்டும்.

'மாடல்' என்ற சொல்லுக்கு 2013-இல் வந்த விதிகள் கொடுத்த பொருள் கவனிக்கத்தக்கது. ஒரு பொருளையோ சேவையையோ விற்பதற்காகப் படத்தில் நிறுத்தப்படும் மனிதரும் மாடல், விலங்கும் மாடல், காரும் மாடல், உடுப்பும் மாடல். படத்தை விற்பனைக்குப் பயன்படுத்தாதவரை கல்யாண வீட்டாரும், பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் படமெடுத்துக்கொள்ளும் மாணவரும் மாடல்கள் அல்லர். கலிபோர்னியாவில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். யோசமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு புல்வெளி ஓரத்தில் அரக்குப் பட்டுப் புடவை கட்டிய மணப்பெண்ணை, காசு வாங்கிக்கொண்டு வரும் ஒரு கலைஞர் படமெடுக்கிறார். அவள் வீட்டு ஆல்பத்துக்கு என்றால் அவள் மாடல் அல்லள். அதே புடவையில், அதே இடத்தில், அதே கேமராவில், புடவைக் கடையின் விளம்பரத்துக்கு என்றால் அவளும் மாடல், அவள் கட்டியிருக்கும் புடவையும் மாடல். புல்லின் மேல் பட்ட பாதத்தின் எடையில் எள்ளளவும் வேறுபாடு கிடையாது. சட்டம் நிலத்துக்கு ஆகும் சேதத்தைக் கணக்கிடவில்லை, படமெடுப்பவரின் நோக்கத்தைக் கணக்கிட்டது என்பதற்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அசையும் படத்துக்கு இந்தச் சலுகைகூட இல்லை. வருமானம் ஈட்டும் எண்ணத்தோடு, சந்தையில் உள்ள பார்வையாளர்களுக்காக எடுக்கப்படும் எந்த அசையும் பதிவும் வணிகப் படப்பிடிப்பே என்று 2013-ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. 2000-இல் சட்டம் எழுதப்பட்டபோது ஒளிப்படக் கேமராவும் வீடியோ கேமராவும் வெவ்வேறு கருவிகள். அவற்றை ஏந்தியவர்களும் வெவ்வேறு ஆட்கள். 2008-இல் கேனன் 5டி மார்க் 2 முழு எச்.டி. வீடியோவோடு சந்தைக்கு வந்தபின் அந்தப் பிரிவினைக்குப் பொருளில்லாமல் போனது. ஓர் அருவியின் முன்னால் ட்ரைபாடை ஊன்றி நிற்பவர் கேமராவின் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒளிப்படம், அனுமதி தேவையில்லை. காலை நகர்த்தாமல், லென்ஸை மாற்றாமல், வீடியோவுக்கு மாற்றிப் பத்து விநாடி பதிவு செய்து, அதைத் தன் யூடியூப் சேனலில் விளம்பரத்தோடு ஏற்றினால் அனுமதி பெறாத வணிகப் படப்பிடிப்பு. எத்தனை பேர் இந்த வேறுபாட்டை அறியாமலே குற்றம் செய்தவர்களாக வீடு திரும்பியிருப்பார்கள்!

வனச் சேவையும் 2014 செப்டம்பரில் ஒரு சர்ச்சையைச் சந்தித்தது. பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதிகளில் வணிகப் படப்பிடிப்புக்கான தற்காலிக வழிகாட்டுதலை நிரந்தரமாக்க அது ஒரு வரைவை வெளியிட, செய்தியாளர்களுக்கும் அனுமதிச் சீட்டு கட்டாயமாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்து எதிர்ப்பு வலுத்தது. செய்தி சேகரிப்பவர்களையும் பொழுதுபோக்குக்காகப் படமெடுப்பவர்களையும் அது குறிக்கவில்லை என்று அதன் தலைவர் விளக்கினார். கருத்துச் சொல்லும் காலக்கெடுவும் டிசம்பர் வரை நீட்டிக்கப்பட்டது.

வழக்கு

யார்க்டவுன் நோட்டீஸுக்குத் திரும்புவோம். பிரைஸ் அதை எதிர்த்தபோது, 2019-இல் அரசுத் தரப்பே குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. அத்தோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் சட்டம் அப்படியே இருக்கையில் அடுத்த படத்துக்கும் இதே நிலைதானே என்று, அந்த ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் சட்டத்தையே எதிர்த்து வழக்குத் தொடுத்தார். பேச்சுரிமையைக் காக்கும் அரசமைப்பின் முதல் திருத்தத்துக்கு அனுமதியும் கட்டணமும் முரணானவை என்பது அவர் வாதம்.

2021 ஜனவரி 22 அன்று நீதிபதி காலின் கோலர்-கோட்டலி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். படமெடுத்தல் கருத்து வெளிப்பாட்டின் ஒரு பகுதி. வணிகப் படமா இல்லையா என்பதைப் படத்தின் உள்ளடக்கத்தையும் நோக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும் என்பதால் இது உள்ளடக்கத்தை வைத்து விதிக்கப்படும் கட்டுப்பாடு. அத்தகைய கட்டுப்பாட்டுக்குத் தேவையான கடுமையான சோதனையில் இந்தச் சட்டம் தேறவில்லை என்றார். நிலத்தைக் காப்பதே குறிக்கோள் என்றால், பெருங்கூட்டத்தோடு வந்து வருமான நோக்கமின்றிப் படமெடுப்பவரை விட்டுவிட்டு, ஓரிருவராக வந்து விற்பனைக்கு எடுப்பவரைப் பிடிக்கும் சட்டம் எப்படி அந்தக் குறிக்கோளுக்குப் பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் உயிர்நாடி. அனுமதியையும் கட்டணத்தையும் அமல்படுத்தத் தடையாணை பிறந்தது. அடுத்த மாதமே பூங்காத் துறை இடைக்கால வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. அதில் வணிகம், வணிகமல்லாதது என்ற பேதம் இல்லை. ஐந்து பேருக்கு மேற்படாமல் கையில் தூக்கிச் செல்லும் சாதனங்களோடு வருபவர்கள் தாக்கம் குறைந்த படப்பிடிப்பாளர்களாகக் கருதப்பட்டனர். அந்த வழிகாட்டுதல் நீடித்த மாதங்களில் பூங்காக்கள் ஒன்றும் பாழாகிவிடவில்லை.

அரசு மேல்முறையீடு செய்தது. 2022 ஆகஸ்ட் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி டக்ளஸ் கின்ஸ்பர்க் சொன்னது இது: ஒரு பூங்காவில் நின்று படமெடுப்பவர் அந்த நேரத்தில் அங்கே யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவர் பின்னாளில் வேறிடத்தில் சொல்லப்போகும் ஒன்றுக்கான மூலப்பொருளைச் சேகரிக்கிறார். ஆகவே பொது இடத்தில் மேடையேறிப் பேசுபவருக்குள்ள பாதுகாப்பு இவருக்கு முழுமையாகப் பொருந்தாது. கட்டுப்பாடு நியாயமானதாக இருந்தால் போதும். அரசு நிலத்தால் பயனடைபவரிடம் கட்டணம் வாங்கிப் பூங்காவைப் பராமரிப்பது நியாயமானதுதான் என்பது முடிவு. நீதிபதி டேவிட் டேட்டல் மாறுபட்டார். ஒன்றை உருவாக்குவதற்கான பாதுகாப்பை அதைச் சொல்வதற்கான பாதுகாப்பிலிருந்து இப்படிப் பிரித்துவிட முடியாது என்பது அவர் நிலை. 2023-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. பிரைஸ் தோற்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். நிலத்துக்குக் கட்டணம் வாங்கும் அரசின் உரிமையைப் பற்றி அது சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படமெடுத்தலை வெறும் மூலப்பொருள் சேகரிப்பாகப் பார்க்கும் பார்வையை எந்த ஒளிப்படக் கலைஞராலும் ஏற்க முடியாது. எங்கே நிற்பது, எதைச் சட்டகத்துக்குள் விடுவது, எந்த நொடியில் விரலை அழுத்துவது என்ற முடிவுகள் அனைத்தும் அந்த இடத்தில், அந்தக் கணத்தில் எடுக்கப்படுகின்றன. சொல்ல வேண்டியதில் பாதி அங்கேயே சொல்லி முடிந்துவிடுகிறது. வீட்டில் நடப்பது மீதிப் பாதிதான்.

சட்டத்தின் திருத்தம்

நீதிமன்றத்தில் கிடைக்காதது நாடாளுமன்றத்தில் கிடைத்தது. பத்திரிகை ஒளிப்படக் கலைஞர்களின் தேசியச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் ஆதரித்து வந்த திருத்தம், வெளிப்புறப் பொழுதுபோக்கு பற்றிய 'எக்ஸ்ப்ளோர்' சட்டத்தின் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி 4 அன்று அதிபர் பைடன் அதில் கையெழுத்திட்டார். இன்று தேசியப் பூங்காக்களில் எட்டுப் பேருக்கு மேற்படாத குழு எடுக்கும் ஒளிப்படம், அசையும் படம், ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் அனுமதியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். படத்தால் பணம் வருகிறதா, அது தொலைக்காட்சிக்குப் போகிறதா, யூடியூப்புக்குப் போகிறதா என்று யாரும் கேட்பதற்கில்லை.

அதற்கு ஈடாகச் சட்டம் கேட்பவை வேறு வகைக் கேள்விகள். பொதுமக்களுக்குத் திறந்த இடத்தில், திறந்திருக்கும் நேரத்தில் எடுக்கிறீர்களா? மற்ற பார்வையாளர்களுக்கு இடைஞ்சல் இல்லையா? இயற்கைக்கும் பண்பாட்டுச் சின்னங்களுக்கும் கேடு வராதா? இடத்தை உங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கித்தரக் கேட்கிறீர்களா? செட் போடுகிறீர்களா? ட்ரைபாடும், ஒற்றைக் கால் தாங்கியான மோனோபாடும், கையில் பிடிக்கும் விளக்கும் செட் சாதனங்களாகக் கருதப்பட மாட்டா என்று சட்டமே தெளிவாகச் சொல்லியிருப்பது, ட்ரைபாடைக் கண்டாலே தொழில்முறை ஆள் என்று விசாரிக்கப்பட்டுச் சலித்த பலருக்குப் பெரிய ஆறுதல். ஏற்கெனவே அனுமதி பெற்ற கல்யாணத்தைப் படமெடுக்க வரும் கலைஞருக்குத் தனியாக இன்னோர் அனுமதியும் தேவையில்லை. மேலே சொன்ன புடவையின் கதையும் இத்தோடு முடிந்தது: ஆல்பமா விளம்பரமா என்பதை விட்டுவிட்டு, புல்வெளியின் மேல் யார் எத்தனை பேர் எப்படி நிற்கிறார்கள் என்பதைச் சட்டம் பார்க்கிறது. யார்க்டவுனில் நால்வராக நின்ற குழு இன்று அதே காட்சியை எடுத்தால் யாரும் அவர்களுக்கு நோட்டீஸ் தர மாட்டார்கள்.

குறையில்லாத சட்டம் இது என்று சொல்ல மாட்டேன். மிக அதிகமான பேர் வரும் குறுகிய இடங்களுக்கு இந்த விலக்கு பொருந்தாது என்ற நிபந்தனை எந்த இடங்களைக் குறிக்கிறது என்பதைப் பூங்காக்களே முடிவு செய்ய வேண்டும். இடைஞ்சல் என்பதன் அளவும் அன்றைக்குப் பணியில் இருக்கும் ரேஞ்சரின் கணிப்பைப் பொறுத்தது. ஆகவே புறப்படுமுன் அந்தப் பூங்காவின் அலுவலகத்தை அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

விலக்கின் எல்லைகள்

ட்ரோனுக்கு இந்தச் சட்டம் வழிவிடவில்லை. 2014 ஜூனில் பூங்காத் துறை பிறப்பித்த உத்தரவின் வழியாகத் தேசியப் பூங்காக்களில் ட்ரோனை ஏற்றுவதும் இறக்குவதும் இயக்குவதும் தடைசெய்யப்பட்டன. அந்த ஆகஸ்டிலேயே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு சுற்றுலாப் பயணியின் ட்ரோன், நீலமும் ஆரஞ்சுமாக ஒளிரும் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றுக்குள் விழுந்தது. அபராதமும் இழப்பீடுமாக அவர் 3,000 டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது.

ஒளிப்படப் பயிற்சி முகாம் நடத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆறு பேரைப் பூங்காவுக்குள் அழைத்துச் சென்று கற்றுக்கொடுப்பது படமெடுத்தல் ஆகாது; அது பூங்காவுக்குள் நடத்தப்படும் வணிகச் சேவை. அதற்கு வணிகப் பயன்பாட்டு அனுமதி என்ற வேறு உரிமம் பெற வேண்டும். எட்டுப் பேர் விலக்கு அதற்குக் கைகொடுக்காது. அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு போன்ற இடங்கள் நவஹோ மக்களின் நிலம். அங்கே கூட்டரசின் பூங்கா விதிகளுக்கு வேலையில்லை. அம்மக்களின் நிர்வாகம் வகுத்த விதிகளுக்கே கட்டுப்பட வேண்டும், வழிகாட்டியோடுதான் உள்ளே போகவும் வேண்டும். மாநிலப் பூங்காக்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதிகள்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது யோசமிட்டியின் ஹார்ஸ்டெயில் அருவி. எல் கேப்பிட்டன் பாறையின் கிழக்கு முகத்தில் மெல்லிய நூலாக விழும் இந்த அருவி, பிப்ரவரி நடுவிலிருந்து இறுதிவரை, வானம் தெளிந்து, பனி உருகித் தண்ணீரும் ஓடினால், சூரியன் மறையும் சில நிமிடங்களுக்கு நெருப்புக் குழம்பாக எரியும். 1973-இல் ஒளிப்படக் கலைஞர் கேலன் ரோவல் அதை வண்ணத்தில் படமெடுத்த பிறகு ஊரறிந்தது. சமூக ஊடகம் வந்த பிறகு உலகறிந்தது. 2022 பிப்ரவரியில் ஒரே நாளில் 2,400-க்கும் மேற்பட்டோர் அதைக் காணக் கூடினர். பார்க்கும் இடம் போதாமல் மெர்சட் ஆற்றின் கரைக்குக் கூட்டம் வழிந்தது. கரை சரிந்தது, செடிகள் மிதிபட்டு மண்ணோடு மண்ணாயின. அங்கே வந்தவர்களில் எவரும் அனுமதி பெற வேண்டியவர் அல்லர். பெரும்பாலோர் கையில் இருந்தது செல்போன். ஒவ்வொருவரையும் தனியாக எடுத்துப் பார்த்தால் புதிய சட்டத்தின் எந்த நிபந்தனையையும் மீறாதவர்.

யோசமிட்டிப் பள்ளத்தாக்கு இத்தகைய கூட்டத்தை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. கிளேசியர் முனை என்ற பாறையின் உச்சியிலிருந்து எரியும் தணலைக் கீழே தள்ளி இரவில் நெருப்பருவி காட்டும் வழக்கம் அங்கே பல்லாண்டுகள் இருந்தது. அதைக் காண வந்த கூட்டம் புல்வெளிகளை மிதித்துப் பாழாக்கியதால், 1968 ஜனவரியோடு பூங்காத் துறை அதை நிறுத்தியது. தணலைத் தள்ளுவதை நிறுத்த ஓர் உத்தரவு போதும். சூரியனை யார் நிறுத்துவது? ஆகவே துறை வேறு வழிகளைக் கையாள்கிறது. ஆற்றை ஒட்டிய தெற்குச் சாலையில் அந்நாட்களில் வண்டியை நிறுத்தவும் முடியாது, நடக்கவும் முடியாது. பார்ப்பதற்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது வடக்குச் சாலையில் எல் கேப்பிட்டன் சிற்றுண்டித் திடலின் அருகிலுள்ள இடம். வண்டியை யோசமிட்டி அருவியின் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நடந்து போய், இருட்டிய பின் அதே தூரம் நடந்து திரும்ப வேண்டும். ஆளுயர லென்ஸைத் தோளில் சுமந்து வரும் தொழில்முறைக் கலைஞருக்கும், சட்டைப்பையில் செல்போனோடு வரும் குடும்பத்தாருக்கும் அந்த நடை ஒன்றுதான்.